வலப்பக்கம் பலவீனமான அப்பாவுடன் நான்கு நாள் கடற்கரை

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்திருக்கிறது. வலது கையும் காலும் பலவீனம். இடது கையில் ஊன்றுகோல் பிடித்து வீட்டுக்குள் தானே நடக்கிறார். வெளியே 50 மீட்டர் நடந்தால் உட்கார வேண்டியிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், படி ஏறினால் வலி. ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் உங்களுக்குக் குழந்தைகள். காரில் ஐந்து மணி நேரப் பயணம், நான்கு நாள் கடற்கரையில் தங்கல். எப்படிப்பட்ட விடுதியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்கிறார் அப்பா" என்று எழுதியிருக்கிறீர்கள். விடுதியைப் பற்றிய கேள்வி அந்த வரிக்குள் அடங்கிவிடுகிறது. அப்பா தன்னை ஒரு சுமையாக உணராமல், மற்றவர்களும் நிம்மதியாக இருக்கும்படி இந்த நான்கு நாட்களை அமைக்க முடியுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

நான் இயன்முறை மருத்துவர். பதினெட்டு ஆண்டுகளாகப் பக்கவாதம் வந்தவர்களின் மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். குடும்பத்தோடு ஊருக்குப் போக மறுப்பவர்களிடம் தனியே உட்கார்ந்து காரணம் கேட்டிருக்கிறேன். கடல் பிடிக்காது, மலை பிடிக்காது என்று ஒருவரும் சொன்னதில்லை. புது இடத்தில் கழிவறை எப்படி இருக்குமோ என்பார்கள். தாழ்வான நாற்காலியிலிருந்து எழ முடியாமல் நாலு பேர் பார்க்கத் தூக்கப்பட்டதைச் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் தனக்காகக் காத்து நின்ற முகத்தைச் சொல்வார்கள். ஒரு நாளில் இப்படிப்பட்ட தருணங்கள் ஏழோ எட்டோதான்: கட்டிலிலிருந்து எழுவது, கழிவறை, குளியல், காரில் ஏறி இறங்குவது, சாப்பிடும் இடத்துக்குப் போவது, கடற்கரையில் உட்கார்ந்து எழுவது. இந்த ஏழெட்டையும் கிளம்புவதற்கு முன்பே தீர்த்துவிட்டால் மீதி நேரம் தானாகவே ஓய்வாகிவிடும். தீர்க்காமல் போனால் எவ்வளவு நல்ல விடுதியாக இருந்தாலும் அப்பா அறைக்குள்ளேயே இருந்துவிடுவார்.

விடுதியில் பேசும்போது "நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு வசதியான அறை இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "இருக்கிறது, ஒன்றும் பிரச்சினை இல்லை, எங்கள் ஆட்கள் தூக்கிவிடுவார்கள்" என்று பதில் வரும். அப்பா அஞ்சுவதே அந்தத் தூக்குதலுக்குத்தான். ஆகவே எண்களைக் கேளுங்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக் கட்டில் வரை எத்தனை படிகள்? அறையிலிருந்து சாப்பிடும் இடம் எத்தனை மீட்டர்? குளியலறைக் கதவு திறந்திருக்கும்போது உள்ளே நுழையும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர்? சக்கர நாற்காலி நுழைய 80 சென்டிமீட்டராவது வேண்டும். முழுதாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம் வேண்டும். சாய்தளம் இருக்கிறது என்றால் அதன் நீளத்தையும் உயரத்தையும் கேளுங்கள். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3.6 மீட்டர். பலகையைச் சாய்த்துவைத்ததுபோல் செங்குத்தாக இருப்பதைச் சாய்தளம் என்று சொல்லிவிடுவார்கள். தள்ளுகிறவருக்கும் ஆபத்து, உட்கார்ந்திருப்பவருக்கும் ஆபத்து. முடிந்தால் வாசலிலிருந்து கழிவறை வரை நடந்து காட்டும் ஒரு நிமிட வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். அதை மறுக்கும் விடுதியை நான் விட்டுவிடுவேன்.

கழிவறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். இருக்கையின் உயரம் 43 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலானோரால் எழ முடியும். அதைவிடத் தாழ்வாக இருந்தால், மேலே பொருத்தும் உயர்த்தி ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்விடலாம். ஒரு பையில் அடங்கிவிடும். அடுத்தது கைப்பிடி. "கைப்பிடி இருக்கிறது" என்ற பதில் போதாது. உட்கார்ந்த நிலையில் அது எந்தப் பக்கம் வருகிறது என்று கேளுங்கள். உங்கள் அப்பாவுக்கு இடது கைதான் பலம். கைப்பிடி வலதுபக்கச் சுவரில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம். அதைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இடது கையை உடலின் குறுக்கே நீட்டி அதைப் பிடிக்கப் போய்த்தான் பலர் சாய்ந்து விழுகிறார்கள். பல குளியலறைகளில் பீங்கானுக்கு ஒரு பக்கம் மட்டுமே சுவர் இருக்கும், கைப்பிடியும் அந்தச் சுவரில்தான் இருக்கும். அது எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்தது குழாய் போட்டவர். அதனால் ஒரே விடுதியில் ஒரு அறை அப்பாவுக்குப் பொருந்தும், எதிர் அறை பொருந்தாது. இதைச் சொல்லிக் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடியாக நினைத்து ஒருபோதும் பிடிக்க விடாதீர்கள். உடல் எடையைத் தாங்க அது பொருத்தப்படவில்லை, திருகோடு பெயர்ந்து வந்துவிடும். குளிக்க உட்கார நாற்காலி கேட்டால் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தருவார்கள். ஈரத் தரையில் அதன் கால்கள் விரிந்துகொள்ளும். கால்முனைகளில் ரப்பரும், பிடித்து எழக் கைகளும் உள்ள நாற்காலிதான் வேண்டும்.

முதல் இரவில் கவனமாக இருங்கள். வீட்டில் இருட்டிலும் வழி தெரியும், இங்கே தெரியாது. அறைக்குள் போனவுடன், வெளிச்சம் இருக்கும்போதே, கட்டிலிலிருந்து கழிவறை வரை அப்பாவை ஒருமுறை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். கால் தடுக்கும் மிதியடிகளைச் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுங்கள். வீட்டில் கட்டிலின் எந்தப் பக்கமாக எழுகிறாரோ அதே பக்கம் இங்கேயும் கிடைக்கும்படி கட்டிலை நகர்த்திக்கொள்ளுங்கள். ஒரு சிறு இரவு விளக்கைக் கையோடு கொண்டுபோங்கள்.

இனி மணல். குடும்பத்தினர் மிகக் குறைவாகக் கணக்குப் போடுவது இதைத்தான். 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் அளவீட்டின்படி, மணலில் நடக்கும்போது அதே வேகத்தில் கெட்டித் தரையில் நடப்பதைவிட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது. அது ஆரோக்கியமானவர்களை வைத்து எடுத்த அளவு. பக்கவாதம் வந்த காலை இடுப்பிலிருந்து வீசி நடப்பவருக்கு இன்னும் கூடுதலாகும் என்பது என் அனுபவத்திலிருந்து சொல்வது. ஆகவே தரையில் 50 மீட்டர் நடப்பவருக்கு உதிரி மணலில் 20 மீட்டர் என்று கணக்கு வையுங்கள், அதில் பாதி திரும்பி வருவதற்கு. அலை நனைத்த ஈரமணல் அப்படியல்ல. மணல் துகள்களுக்கு நடுவே நிற்கும் கொஞ்சம் நீர் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கிட்டத்தட்ட மண்சாலைபோல் கெட்டியாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த நல்ல தரையை அடைவதற்கு முன் மோசமான உலர்மணல் பட்டையைக் கடக்க வேண்டும். அந்தப் பட்டையின் அகலம்தான் ஒரு கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் அளவு.

அதனால் "அறைக் கதவைத் திறந்தால் மணல்" என்று விளம்பரம் செய்யும் விடுதியை உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடலை ஒட்டிக் கெட்டியான நடைபாதை ஓடும் இடம், அல்லது தரைத்தளத்தில் கடல் தெரியும் தாழ்வாரத்தோடு கூடிய அறை, இரண்டில் ஒன்று கிடைத்தால் போதும். சில கடற்கரைகளில் உலர்மணலின் மேல் சுருட்டி விரிக்கும் பாய்ப்பாதை போட்டிருப்பார்கள். இருந்தால் மிக நல்லது, ஆனால் நீங்கள் போகும் மாதத்தில் விரித்திருப்பார்களா, நீர் வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உலக அளவில் தரப்படும் நீலக்கொடிச் சான்றிதழைப் பெற்ற கடற்கரை என்றால் எல்லா வசதியும் இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். அந்தச் சான்றின் விதி, ஓர் உள்ளாட்சிப் பகுதியில் உள்ள நீலக்கொடிக் கடற்கரைகளில் குறைந்தது ஒன்றிலாவது மாற்றுத்திறனாளிகளுக்கான வழியும் கழிவறையும் இருக்க வேண்டும் என்பதுதான். நீங்கள் போகும் கடற்கரை அந்த ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சக்கர நாற்காலி வேண்டாம், நடக்கிறவருக்கு எதற்கு என்று அப்பா சொல்வார். எடுத்துப் போங்கள், வாடகைக்காவது. அவருடைய 50 மீட்டரை அறைக்கும் உணவுக்கூடத்துக்கும் நடுவே செலவழித்துவிட்டால், பேத்தியோடு கடலோரம் நடக்க ஒன்றும் மிஞ்சாது. இதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்: நாற்காலி நடையைச் சேமித்துவைக்கத்தான். மணலில் சாதாரணச் சக்கர நாற்காலியை முன்னோக்கித் தள்ளினால் முன்னாலுள்ள சின்னச் சக்கரங்கள் புதைந்து, உட்கார்ந்திருப்பவர் குப்புற விழ நேரும். நாற்காலியைத் திருப்பி, பின்பக்கம் லேசாகச் சாய்த்து, பெரிய சக்கரங்களின் மேல் பின்னோக்கி இழுங்கள். காற்றடைத்த பருத்த சக்கரங்கள் கொண்ட கடற்கரை நாற்காலி கிடைத்தால் உலர்மணல் ஒரு பொருட்டே அல்ல. ஆனால் இரண்டு விஷயங்கள்: அதன் இருக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் எழுவது கடினம், அந்தச் சக்கரங்கள் நீரில் மிதக்கும் என்பதால் அலையில் புரண்டுவிடும். கடலுக்குள் இறக்கவென்றே செய்யப்பட்டதா என்று கேட்காமல் நீருக்குள் தள்ளாதீர்கள்.

கடலில் கால் நனைப்பது பற்றி எல்லோரும் சொல்லும் ஒரு யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. "கணுக்கால் அளவு நீர்தானே, பிடித்துக்கொண்டு நின்றால் போதும்" என்பார்கள். அலை திரும்பும்போது நின்று பாருங்கள். குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை அரித்துக்கொண்டு போகும். கால் ஒரு பக்கமாகச் சரிந்து புதையும். நமக்கு அது கூச்சமான ஒரு வேடிக்கை. ஒரு பக்கம் உணர்ச்சியும் சமநிலையும் குறைந்தவருக்கு விழ அதுவே போதும். நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதன் கால்களுக்கு அடியிலும் இதே அரிப்பு நடக்கும். அலையில்லாத உப்பங்கழியோ, கைப்பிடியும் படியும் உள்ள ஆழமில்லாத நீச்சல் குளமோ இருந்தால் கதை வேறு. நீர் உடலைத் தாங்கும். இடுப்பளவு நீரில் காலில் இறங்கும் எடை ஏறத்தாழ பாதியாகிவிடும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். தரையில் தயங்கும் பலர் நீரில் நிமிர்ந்து நடப்பதைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகத்தையும் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பா நீரில் இறங்கலாமா என்பதை அவரை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு வலிப்பு வந்திருக்கிறதா, விழுங்குவதில் சிரமம் உண்டா, வலது தோள் நழுவியிருக்கிறதா, ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்ற நான்கையும் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று: வலது கையைப் பிடித்து யாரும் அவரைத் தூக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. பலவீனமான தோள்மூட்டை அதன் தசைகள் சரியாகப் பிடித்துவைப்பதில்லை. ஓர் இழுப்பில் வரும் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். குழந்தைகளிடமும் இதைச் சொல்லுங்கள், தாத்தாவின் எந்தக் கையில் தொங்கக் கூடாது என்று. உதவி தேவைப்படும்போது அவருடைய வலது பக்கம், அரையடி பின்னால் நின்று, இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எழும்போது அவரை இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லி, இரண்டு பாதங்களையும் முழங்காலுக்குக் கொஞ்சம் உள்ளே இழுத்துவைத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும் வரை முன்னே குனியச் சொல்லுங்கள். அந்த இடத்தில் உடல் தானாகவே எழும். நேராக நிமிர்ந்தபடி எழ முயல்பவரைத்தான் இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும். கடற்கரையில் போடும் நாற்காலி முழங்கால் உயரத்துக்குக் குறையாமல், கைகளோடு இருக்கட்டும். மணலில் அதன் கால்கள் புதைந்து உயரம் குறைந்துவிடுமல்லவா? முக்கால் மீட்டர் சதுரத்தில் ஒரு பிளைவுட் பலகையைக் காரின் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். நாற்காலியை அதன் மேல் வைத்தால் உட்கார்ந்த உயரத்திலிருந்தே எழலாம். இத்தனை ஆண்டுகளில் நான் சொன்ன யோசனைகளிலேயே அதிகம் நன்றி சொல்லப்பட்டது இந்தப் பலகைக்குத்தான்.

வெயிலைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஆனால் நண்பகலில் உலர்மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும்; உணர்ச்சி குறைந்த வலது பாதத்துக்கு அது தெரியாது. அறைக்குத் திரும்பியதும் அந்தப் பாதத்தை நீங்களே பாருங்கள், சிப்பி கீறியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று. காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி போடுபவர் என்றால் அதற்குள் நுழைந்த மணல் தோலை உரித்துவிடும். கழற்றித் தட்டித் துடைத்துவிட்டுப் போடுங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் அதை விட்டுவைக்காதீர்கள், வளைந்துவிடலாம்.

அதைவிட முக்கியமானது தண்ணீர். என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர், குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய் இரண்டாம் நாள் மாலை தலைசுற்றி விழுந்தார். வெயில்தான் காரணம் என்று வீட்டார் சொன்னார்கள். தனியே கேட்டபோதுதான், காலை முதல் அவர் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தெரிந்தது. கழிவறை தொலைவில் இருந்தது. பேரனின் விளையாட்டைக் கெடுத்து மகனை அழைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதன்பிறகு இதை எல்லோரிடமும் கேட்கிறேன், பாதிப் பேருக்கு மேல் தலையாட்டுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரித்தெடுப்பவை. அதோடு வியர்வையும் சேர்ந்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால், எழுந்து நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடற்கரையில் உட்காரும் இடத்தைக் கழிவறையிலிருந்து அவருடைய 50 மீட்டருக்குள் தேர்ந்தெடுங்கள். காட்சி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, அவர் கேட்பதற்கு முன், "நான் அந்தப் பக்கம் போகிறேன், வருகிறீர்களா அப்பா?" என்று நீங்களே கேளுங்கள்.

ஐந்து மணி நேரக் கார் பயணத்தில் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கி நடக்க விடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் ரத்தக் கட்டி உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. விமானத்துக்கு மட்டுமல்ல, காருக்கும் அது பொருந்தும். ஆரோக்கியமானவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியது. அசைவு குறைந்த காலுள்ளவருக்குக் கவனம் கூடுதலாக வேண்டும். பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்த்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடல்நீர் கரையில் ஏறி இறங்குவது (ஓதம்) நன்றாகத் தெரியும் இடமென்றால் நாளின் திட்டத்தை அதன்படி அமையுங்கள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பல கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் இறங்கியிருக்கும் காலையோ மாலையோ கெட்டியான ஈரமணல் அகலமாகக் கிடைக்கும். நான்கு நாட்களுக்கான நேரத்தை முன்கூட்டியே எழுதி, எந்த வேளை போகலாம் என்று அப்பாவையே முடிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒருமுறை வெளியே போனால் போதும். மற்ற வேளைகளில் தாழ்வாரமும் தூக்கமும்.

அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளாக அப்பாவை எழுப்பி உட்காரவைப்பது அவர்தான் என்று நினைக்கிறேன், தேய்ந்த முழங்காலோடு. இந்தப் பயணம் அவருக்கும் விடுமுறையாக இருக்க வேண்டும். காலையில் நீங்கள், மாலையில் உங்கள் கணவர் என்று முறை வைத்துக்கொண்டு, தினமும் மூன்று மணி நேரம் அம்மாவை எதற்கும் யாரும் கூப்பிடாமல் விட்டுவிடுங்கள். தொடக்கத்தில் அவருக்கு அது பிடிக்காது. இரண்டாம் நாளிலிருந்து பிடித்துவிடும்.

குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். அப்பா நடைபாதை விளிம்பில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்திருக்கட்டும். அவர்கள் ஓடிப்போய் ஒரு வாளியில் கடல்நீரைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைக்கட்டும். வெயிலில் சூடேறாத நீர்தானா என்று கையால் பார்த்துவிட்டு, அவர் இரண்டு பாதங்களையும் அதில் வைக்கலாம். அலைக்குள் கொண்டுபோக முடியாத பல தாத்தாக்கள் இப்படித்தான் கடலில் கால் நனைத்திருக்கிறார்கள்.

அவரை இன்னும் சம்மதிக்கவைக்க முயல வேண்டாம். இன்று மாலை ஓர் அளவுநாடாவோடு அவரிடம் போங்கள். அவர் வீட்டில் சிரமமில்லாமல் எழும் நாற்காலி, கட்டில், கழிவறை இருக்கை மூன்றின் உயரத்தையும், அவர் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை உள்ள உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எதற்கு அளக்கிறாய் என்று கேட்பார். விடுதிக்காரர்களிடம் கேட்பதற்கு என்று சொல்லிவிட்டு, அவர் முன்னாலேயே அவர்களுக்குத் தொலைபேசி செய்யுங்கள். அவர்கள் சொல்லும் எண்களை அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இடது கையாலேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.